127... சரி, எப்போ 127?

ஞாயித்துக்கிழமை காலை ஆறரை மணி. தி.நகர் சோமசுந்தரம் கிரவுண்ட். ஒரே மைதானத்துல எத்தனை மேட்ச் ஓடுதுன்னு எண்ண ஆரம்பிச்சா தலை சுத்தும். உங்க டீமோட லாங் ஆன், பக்கத்து டீமுக்கு ஸ்லிப்! அந்த நெரிசல்லயும் நீங்க ஓடி வந்து போடுற பந்துக்கு மட்டும் பேட்ஸ்மேன் ஒரு அடி பின்னாடி போறான். "மச்சி, என்னா ஸ்பீடுடா!"ன்னு கீப்பர் கையை உதறுறான். உங்களுக்குள்ள ஒரு கனவு முளைக்குது.

கனவை நம்பி ஒரு செலக்‌ஷனுக்குப் போறீங்கன்னு வெச்சுக்குவோம். நெட்ஸுக்கு ஓரமா ஒரு ஸ்டாண்டுல ஸ்பீடு கன். உயிரைக் கொடுத்துப் போடுறீங்க. மெஷின்ல 127. "தம்பி, நாங்க 130-க்கு மேல போடுறவங்களைத்தான் பார்க்குறோம். அடுத்த வருஷம் வாப்பா." "சரிங்க சார்." அவ்வளவுதான். கிட் பேக்கைத் தூக்கிட்டு பஸ் ஸ்டாப்.

இப்போ ஒரு கேள்வி. அந்த 127 பொய்யா? இல்லை. மெஷின் ரிப்பேரா? அதுவும் இல்லை. ஆனா, நீங்க போட்டது 135-ஆவும் இருந்திருக்கலாம்!

எப்படின்னு பார்க்கத்தான் இந்தக் கட்டுரை. இ.சி.இ. நண்பர்களே, 'சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ்' அரியர் ஞாபகம் வந்து பக்கத்தைத் திருப்பிடாதீங்க. ஆர்ட்ஸ் காலேஜ் மக்களே, நீங்களும் பயப்பட வேண்டாம். இதுக்கு ஃபார்முலாவைவிட நல்ல காது முக்கியம். மயிலாப்பூர் பக்கம் அதுக்கா பஞ்சம்?

ஹாரன் பாடும் ஸ்வரம்

லஸ் கார்னர்ல நில்லுங்க. ஒரு பஸ் ஹாரனை விடாம அமுக்கிக்கிட்டே உங்களைத் தாண்டிப் போகுது. கிட்ட வரும்போது ஒரு சுருதி. தாண்டினதும் சுருதி இறங்கிடும். 'ஈஈஈஈ...'ன்னு வந்தது 'ஊஊஊ...'ன்னு போகும். சின்ன வயசுல கார் ஓட்டி விளையாடும்போது நாம எல்லாரும் வாயால போட்ட சத்தமே அதுதான்!

இதுக்கான காரணத்தை 1842-ல சொன்னவர் கிறிஸ்டியன் டாப்ளர்ங்கிற ஆஸ்திரியக்காரர். ஒலி தர்ற பொருள் நம்மளை நோக்கி வந்தா அலைகள் நெருக்கியடிச்சு வரும், சுருதி கூடும். விலகிப் போனா அலைகள் இழுபடும், சுருதி குறையும். சொல்லிட்டா போதுமா? நிரூபிக்கணுமே! 1845-ல ஹாலந்து விஞ்ஞானி பாய்ஸ் பாலட், ட்ரம்பெட் வாசிக்கிறவங்களை ரயில்ல ஏத்தி, ஒரே ஸ்வரத்தை விடாம வாசிக்கச் சொன்னார். தண்டவாளத்துக்கு ஓரமா நல்ல சுருதி ஞானம் உள்ளவங்களை நிறுத்திக் கேட்கச் சொன்னார். டாப்ளர் சொன்னது நிஜம்னு அவங்க காதே சாட்சி சொல்லிடுச்சு.

நம்ம ஊர்க் கணக்கையும் போட்டுப் பார்த்துடலாம். சென்னை வெயில்ல ஒலியோட வேகம் நொடிக்குச் சுமார் 348 மீட்டர். பஸ் மணிக்கு 36 கி.மீ. வேகத்துல, அதாவது நொடிக்கு 10 மீட்டர் வேகத்துல போகுதுன்னு வெச்சா, வரும்போது கேட்ட சுருதிக்கும் போகும்போது கேட்ட சுருதிக்கும் வித்தியாசம் கிட்டத்தட்ட 6 சதவிகிதம். பாட்டு கத்துக்கிட்டவங்களுக்குப் புரியும், அது ஏறக்குறைய ஒரு ஸ்வரஸ்தானம். சுத்த மத்யமத்துல வந்த ஹாரன், உங்களைத் தாண்டினதும் அந்தர காந்தாரத்துக்கு இறங்கிடுது! ஸ்பீடோமீட்டரைப் பார்க்காமலே, வெறும் காதால பஸ் வேகத்தைச் சொல்லிடலாம்.

பந்துக்கும் ஒரு சுருதி

பந்துக்கு ஹாரன் கிடையாது. அதனால ரேடார் தானே ஒரு அலையை அனுப்பி, பந்துல பட்டுத் திரும்பி வர்றதைக் கேட்குது. ஸ்பீடு கன் அனுப்புறது ஒலி அலை இல்லை, ரேடியோ அலை. சுமார் 24 கிகாஹெர்ட்ஸ்னு வெச்சுக்கங்க. நொடிக்கு 2,400 கோடி அதிர்வு. அனுப்பினதையும் திரும்பி வந்ததையும் ஒண்ணோட ஒண்ணு கலந்து, வித்தியாசத்தை மட்டும் எடுத்தா, பந்தோட வேகத்துல நொடிக்கு ஒவ்வொரு மீட்டருக்கும் 160 ஹெர்ட்ஸ் கிடைக்கும்.

மணிக்கு 144 கி.மீ. வேகப்பந்துன்னா நொடிக்கு 40 மீட்டர். 40-ஐ 160-ஆல பெருக்குங்க. 6,400 ஹெர்ட்ஸ். இதுல என்ன விசேஷம்னா, இது நம்ம காதுக்குக் கேட்கிற எல்லைக்குள்ள இருக்கு! பியானோவோட கடைசிக் கட்டை சுமார் 4,186 ஹெர்ட்ஸ். அதையும் தாண்டின ஒரு கூர்மையான விசில். ரேடாரோட அந்த வெளியீட்டை ஒரு ஸ்பீக்கர்ல கொடுத்தா, வேகப்பந்து நிஜமாவே விசிலடிச்சுக்கிட்டுப் போகும். அந்த விசில் என்ன சுருதின்னு கண்டுபிடிச்சு, மணிக்கு இத்தனை கி.மீ.ன்னு மாத்திச் சொல்றதுதான் ஸ்பீடு கன்னோட மொத்த வேலையும்.

ஈஸியா இருக்கே? இருங்க, இங்கதான் வில்லன் என்ட்ரி.

வில்லன் பேர் காற்று

தம்பூரா மாதிரி ஒரே சுருதியில நின்னா பிரச்னையே இல்லை. பந்து அப்படி நிக்காது. 144 கி.மீ. வேகத்துல போகுற கிரிக்கெட் பந்தைக் காற்று பின்னாடி இழுக்கிற விசை, ஏறக்குறைய அந்தப் பந்தோட எடை அளவுக்கே இருக்கும். பூமி கீழே இழுக்கிற அளவுக்குக் காற்று பின்னாடி இழுக்குது! அதனால கையை விட்ட நொடியிலிருந்தே வேகம் குறைஞ்சுக்கிட்டே போகும். பிட்ச்ல குத்தினதும் இன்னும் ஒரு பெரிய இறக்கம். விசில் சுருதி வழுக்கிக்கிட்டே வந்து, குத்தின இடத்துல தடால்னு ஒரு படி இறங்குது. எல்லாம் அரை நொடிக்குள்ள.

இந்த அரை நொடி விசிலை அப்படியே ஃபூரியர் கணக்குல போட்டா என்ன ஆகும்? என்னென்ன சுருதி, எவ்வளவு இருந்ததுன்னு பட்டியல் வரும். எப்போ எது வந்ததுன்னு அந்தப் பட்டியல்ல தெரியாது. டிசம்பர் சீசன்ல மியூசிக் அகாடமியில ஒரு கச்சேரி. போக முடியாத நீங்க, போன ஃப்ரெண்டுகிட்ட 'எப்படிடா இருந்தது?'ன்னு கேட்குறீங்க. அவன், 'ஸட்ஜமம் இவ்வளவு நேரம், ரிஷபம் இவ்வளவு நேரம், பஞ்சமம் இவ்வளவு நேரம்'னு ஒரு பட்டியலை நீட்டுறான். எல்லாம் உண்மைதான். ஆனா கச்சேரி எங்கே? எந்த ஸ்வரத்துக்கு அப்புறம் எந்த ஸ்வரம், எங்கே நின்னது, எங்கே வழுக்கினதுங்கிறதுதானே பாட்டு!

இதுக்கு 1946-ல ஒரு வழி சொன்னார் டென்னிஸ் கபோர். ஹங்கேரியில பிறந்து இங்கிலாந்துல வேலை பார்த்தவர். பின்னாடி ஹோலோகிராஃபிக்காக 1971-ல நோபல் வாங்கினவர். அவர் யோசனை சிம்பிள். ஒலியை நேரம், அதிர்வெண் ரெண்டையும் சேர்த்துப் பாருங்க. படுக்கைவாட்டுல நேரம், செங்குத்தா சுருதி. நம்ம பாட்டு டீச்சர் நோட்டுல தாளத்துக்கு ஏத்த மாதிரி ஸ்வரம் எழுதித் தருவாங்களே, அதே ஐடியாதான்! சிக்னலைச் சின்னச் சின்னத் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியா ஃபூரியர் போட்டு, வரிசையா அடுக்கினா வர்ற படத்துக்கு ஸ்பெக்ட்ரோகிராம்னு பேர்.

துண்டு எவ்வளவு பெருசு?

அரிவாள்மனையில வெண்டைக்காய் நறுக்குற மாதிரி நினைச்சபடி நறுக்கிட முடியாது. கபோர் ஒரு கண்டிஷன் போட்டார். நேரத்தைத் துல்லியமாக் கேட்டா சுருதி கலங்கும். சுருதியைத் துல்லியமாக் கேட்டா நேரம் கலங்கும். ரெண்டையும் ஒரே நேரத்துல முழுசா வாங்க முடியாது. மெஷின் மட்டமா இருக்கிறதால இல்லை, இயற்கையே அப்படி. ஒரு ஸ்வரத்தைக் கண்ணிமைக்கிற நேரம் மட்டும் கேட்டா உங்க பாட்டு வாத்தியாராலகூட சுருதி சொல்ல முடியாதே!

நம்ம 144 கி.மீ. பந்துக்கே கணக்குப் போடுவோம்.

10 மில்லி செகண்ட் துண்டு எடுத்தா, சுருதியை 100 ஹெர்ட்ஸ் அளவுலதான் பிரிக்க முடியும். வேகத்துல சொன்னா மணிக்குச் சுமார் இரண்டே கால் கி.மீ. மங்கல்.

சரி, 50 மில்லி செகண்ட் எடுப்போம். இப்போ 20 ஹெர்ட்ஸ் வரைக்கும் பிரிக்கலாம். ஆனா அந்த 50 மில்லி செகண்டுக்குள்ள பந்து 2 மீட்டர் போயிடுது. காற்று இழுத்ததுல சுருதியே 85 ஹெர்ட்ஸ் போல வழுக்கிடுது. ஓடுற பஸ்ஸை ஃபோட்டோ எடுத்த மாதிரி கோடு இழுபட்டுப் போகும்.

நடுவுல, 25 மில்லி செகண்ட் பக்கத்துல, ஒரு சமரசம் இருக்கு. 40 ஹெர்ட்ஸ் மங்கல், 40 ஹெர்ட்ஸ் வழுக்கல். ரெண்டும் சமம். துல்லியம் மணிக்கு ஒரு கி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. பந்தோட வேகமே தன்னை எந்த ஜன்னல் வழியாப் பார்க்கணும்னு சொல்லுது பாருங்க!

இதைவிடக் கூர்மையாப் பார்க்க வேற வழி இல்லையா? இருக்கு. குவான்டம் இயற்பியலுக்காக விக்னர் 1932-ல எழுதின ஒரு கணக்கை, சிக்னலுக்காக 1948-ல கையில எடுத்தார் பிரான்ஸ் நாட்டு வீல். சீரா வழுக்குற ஒரே ஒரு சுருதின்னா, விக்னர்-வீல் முறையில கத்தி முனை மாதிரி கோடு விழும். ஆனா ரெண்டு சுருதி சேர்ந்து வந்தா, ரெண்டுக்கும் நடுவுல இல்லாத மூணாவது கோடு ஒண்ணு பேய் மாதிரி முளைக்கும்! பந்து ஒரு கோடு, வீசுற பேட் ஒரு கோடு, நடுவுல ஒரு பேய். எது பேய்னு தெரிஞ்சவங்க கையில இது வரம். தெரியாதவங்க கையில சாபம்.

அந்தப் படத்துல என்ன தெரியும்?

ஒரு டெலிவரியோட ஸ்பெக்ட்ரோகிராமை மனசுல வரைஞ்சு பாருங்க. முதல்ல அடியில, ஆயிரம் ஹெர்ட்ஸ் பக்கத்துல ஒரு தடிமனான கோடு. அது பௌலர் ஓடி வர்றது. அப்புறம் விசிறி மாதிரி மேலே பாயுற ஒரு கலங்கல். அது சுழலுற கை. அந்தக் கலங்கல்லேர்ந்து பிரிஞ்சு, உச்சியில பளிச்சுனு ஒரு மெல்லிய கோடு. அதுதான் பந்து! மெல்லச் சரிஞ்சு வந்து, பிட்ச்ல குத்தின இடத்துல ஒரு படி இறங்கி, பேட்ல பட்டதும் வேற கதை ஆரம்பம்.

ஒரே ஒரு நம்பர் இந்தக் கதையில எதைச் சொல்லும்? டி.வி.யில வர்ற வேகம் பொதுவா பந்து கையை விட்ட நேரத்து வேகம். 2003 உலகக்கோப்பையில கேப் டவுன்ல இங்கிலாந்துக்கு எதிரா ஷோயப் அக்தர் போட்ட 161.3 கி.மீ. அப்படி வந்த நம்பர்தான். பேட்ஸ்மேன்கிட்ட வந்தபோது அந்தப் பந்து 161-ல இல்லை.

127 மர்மம் உடைகிறது

வேகப்பந்துக்கும் சென்னைக்கும் பழைய சொந்தம். 1987-ல டென்னிஸ் லில்லியை வெச்சு எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷன் ஆரம்பிச்சது இங்கேதான். வேகப்பந்து கத்துக்க வந்த ஒரு மும்பைப் பையனைப் பார்த்து, 'நீ பேட்டிங்கைக் கவனி'ன்னு லில்லி சொன்னது ஊரறிஞ்ச கதை. பையன் பேர் சச்சின் டெண்டுல்கர். ஒரு வாத்தியார் சொல்ற ஒரு வார்த்தை வாழ்க்கையையே திருப்பும். மெஷின் சொல்ற ஒரு நம்பரும் அப்படித்தான். அதனால அந்த 127-க்கு வருவோம்.

முதல் சந்தேகம், கன் எங்கே இருந்தது? ரேடார் தன்னை நோக்கி நேரா வர்ற, அல்லது தன்னை விட்டு நேரா விலகுற வேகத்தை மட்டும்தான் அளக்கும். பந்து போகுற கோட்டுக்கு 20 டிகிரி சாய்வுல கன்னை வெச்சா, நிஜ வேகத்துல 94 சதவிகிதம்தான் தெரியும். 135-ஐ 0.94-ஆல பெருக்குங்க. விடை... 127! கோணம் எப்பவும் வேகத்தைக் குறைச்சுத்தான் காட்டும், கூட்டாது. ஓரமா நின்னு பார்த்தா உழைப்பு குறைவாத்தான் தெரியும் போல!

ரெண்டாவது சந்தேகம், எப்போ அளந்தது? 135-ல கையை விட்ட பந்து, கால் நொடி கழிச்சு, குத்துறதுக்கு முன்னாடியே, காற்றுக்குக் கப்பம் கட்டிட்டுச் சுமார் 127-க்கு இறங்கிடும். பௌலரோட கையும் உடம்பும் மறைச்சு, மெஷின் பந்தைக் கொஞ்சம் லேட்டாப் பிடிச்சிருந்தா, அது காட்டுற 127-உம் சத்தியம்தான்.

ஆக, 'எவ்வளவு?'ங்கிறது பாதிக் கேள்வி. 'எப்போ, எங்கே நின்னு?'ங்கிறது மீதி. இந்த ரெண்டையும் கேட்காம ஒரு பையனை பஸ் ஏத்தி விடுறது நியாயமா?

அதுக்காக, போடாத 135-க்கு உரிமை கொண்டாடவும் வேண்டாம் பாஸ்! கன் நேர் பின்னாடி இருந்து, கையை விட்ட நொடியைத்தான் பிடிச்சதுன்னா, உங்க வேகம் 127-தான். போய் ப்ராக்டீஸ் பண்ணுங்க. அறிவியல் ரெண்டு பக்கமும் பேசும்.

பந்திலிருந்து பீரங்கிக்கு

எறியப்பட்ட பந்தும் சுடப்பட்ட குண்டும் இயற்பியலுக்கு ஒரே ஜாதி. ரெண்டுக்கும் காற்றுதான் வில்லன். ஒடிஷா சாந்திப்பூர்ல 1895-ல தொடங்கின ஒரு சோதனை மையம் இருக்கு. பீரங்கிகளையும் குண்டுகளையும் சுட்டுப் பார்த்துச் சான்று தர்ற இடம். இந்த மாதிரி களங்கள்ல உலகம் முழுக்க டாப்ளர் ரேடார்தான் கண். குண்டு குழாயை விட்ட நொடியிலிருந்து அதோட சுருதிக் கோட்டைத் தொடர்ந்து வரையும். அந்தக் கோடு எவ்வளவு செங்குத்தாச் சரியுதோ, காற்று அவ்வளவு இழுக்குதுன்னு அர்த்தம். குண்டு சுழலுறதுகூட நடுக்கோட்டுக்கு ரெண்டு பக்கமும் மெல்லிய துணைக் கோடுகளாத் தெரியலாம்.

இங்கே தப்பு நடந்தா யாரும் அடுத்த வருஷம் வர முடியாது. காற்றைக் கணக்குல சேர்க்காத எளிய கணக்குப்படியே, கிளம்புற வேகத்துல 1 சதவிகிதம் தப்புன்னா விழுற தூரத்துல 2 சதவிகிதம் தப்பு. 20 கி.மீ. தள்ளி விழ வேண்டியது 400 மீட்டர் மாறி விழும். 400 மீட்டர்ங்கிறது ஒரு தெருவைத் தாண்டி இன்னொரு தெரு. அடையாறு பக்கம் மான் மேயுற கேம்பஸான ஐ.ஐ.டி. மெட்ராஸும், அரசு நிறுவனமான முனிஷன்ஸ் இந்தியாவும் சேர்ந்து 155 மி.மீ. ஸ்மார்ட் குண்டு உருவாக்கப் போறதா 2024-ல அறிவிச்சாங்க. நோக்கமே குண்டு விழுற இடத்தைத் துல்லியமாக்குறதுதான். எவ்வளவு ஸ்மார்ட்டான குண்டா இருந்தாலும், அது பறந்த வேகத்தை நொடிக்கு நொடி அளந்து பார்க்காம நம்ப முடியாதுங்க.

இந்த வித்தை போர்க்களத்தோட நிக்கலை. டென்மார்க்ல ராணுவ ரேடார் செய்யுற வைபல் கம்பெனியில வேலை பார்த்த ஒரு இன்ஜினீயர் கைகோர்க்க, 2003-ல ட்ராக்மேன் கம்பெனி பிறந்தது. இப்போ கோல்ஃப் பந்தோட வேகம், சுழற்சி எல்லாத்தையும் அது சொல்லுது. நம்ம ஊர்லயே பாருங்க, 2002-ல சென்னைத் துறைமுகக் கட்டிடத்து உச்சியில வந்தது டாப்ளர் வானிலை ரேடார். புயல் நேரத்துல ஊரே எதிர்பார்த்துக் காத்திருந்த படங்கள் அதுலேர்ந்து வந்தவை. மழைத்துளியும் ஒரு பந்துதானே!

நீங்களே செய்யலாம்... செலவு பூஜ்யம்!

தேவை ஒரு செல்போன், ஒரு கம்ப்யூட்டர். மெயின் ரோட்டைப் பார்த்த ஒரு பால்கனி அல்லது பிளாட்ஃபாரம். ரோட்டுல இறங்காதீங்க, பத்திரம்! விடாம ஹாரனடிச்சுக்கிட்டே போற வண்டி வரும் வரைக்கும் ரெக்கார்ட் பண்ணுங்க. ரொம்ப நேரம் காத்திருக்க வேண்டியிருக்காது, இது சென்னை!

அடாசிட்டிங்கிற சாஃப்ட்வேர் இலவசம். அதுல ரெக்கார்டிங்கைத் திறந்து, ஸ்பெக்ட்ரோகிராம் பார்வைக்கு மாத்துங்க. ஹாரனோட சுருதி நேர்கோடா வந்து, வண்டி தாண்டுற இடத்துல சறுக்கி, மறுபடி நேர்கோடாப் போகும். பிளாட்ஃபாரத்துல நின்னா சறுக்கல் செங்குத்தா இருக்கும். பால்கனியில இருந்தா சாய்வா இருக்கும். கோணம் செய்யுற வேலை!

அப்புறம் செட்டிங்ஸ்ல ஜன்னல் அளவை மாத்திப் பாருங்க. 256-ன்னு வெச்சா நேரம் பளிச், சுருதி மங்கல். 8192-ன்னு வெச்சா சுருதி பளிச், சறுக்கல் மங்கல். 1024 வெச்சுப் பாருங்க. நொடிக்கு 44,100 மாதிரி எடுக்கிற ரெக்கார்டிங்ல அது சுமார் 23 மில்லி செகண்ட். நம்ம வேகப்பந்துக்குக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிச்ச ஜன்னலுக்குப் பக்கத்துல வருதா? எலெக்ட்ரானிக்ஸ் கை வந்தவங்க இன்னும் ஒரு படி மேலே போகலாம். சின்ன டாப்ளர் ரேடார் மாட்யூல் ஒண்ணும், ஒரு ஆம்ப்ளிஃபயர் சர்க்யூட்டும் இருந்தா, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரெடி. ரிச்சி ஸ்ட்ரீட் உங்களுக்குப் புதுசா என்ன!

அடுத்த ஞாயிறு சோமசுந்தரம் கிரவுண்ட்ல உங்க கீப்பர் கையை உதறினா, சந்தோஷப்படுங்க. அடுத்த தடவை யாராவது ஒரு மெஷினைக் காட்டி "127-தான் தம்பி"ன்னு சொன்னா, கோபப்படாதீங்க. கும்பிட்டுட்டு, தன்மையா ஒரே ஒரு கேள்வி கேளுங்க.

"சார், கன்னைக் கொஞ்சம் நேர் பின்னாடி வெச்சு, இன்னும் ஒரே ஒரு பால் போடட்டுங்களா?"